நீர், நோய், குப்பை, சாக்கடை: மும்பையில் இயற்கை காட்டும் இடங்கள் உருவான வரலாறு

தாராவி பேருந்து பணிமனைக்கு எதிரே, பாந்த்ரா–சயான் இணைப்புச் சாலையின் மறுபுறம், மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் வாயில் இருக்கிறது. மாகிம் இயற்கைப் பூங்கா என்றும் சொல்வார்கள். பரப்பு ஏறத்தாழ 37 ஏக்கர். மித்தி ஆற்றங்கரையில் மரங்கள் அடர்ந்து நிற்கும் இந்த நிலம் 1970களின் பிற்பகுதி வரை மாநகராட்சியின் குப்பைக் கிடங்காக இருந்தது. இதைப் பசுமைச் சாதனை என்று பாராட்டிப் பலரும் எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மும்பைவாசிகள் விடுமுறையில் பறவையும் மரமும் பார்க்கப் போகிற இடங்கள் முதலில் எதற்காக ஒதுக்கப்பட்டன? குடிநீர், கொள்ளைநோய், குப்பை, சாக்கடை என்ற நான்கு நகராட்சிக் கவலைகள் விட்டுச்சென்ற மிச்சமே அவற்றில் முக்கியமானவை என்பது என் வாதம்.

முதலில் நீர். தீவு நகரத்தின் கிணறுகளும் குளங்களும் போதாமல் போனபோது வடக்கே சால்செட் பகுதி மலைகளுக்கிடையே விஹார் ஏரி கட்டப்பட்டு 1860இல் முடிந்தது. 1879இல் துளசி ஏரி வந்தது. குடிக்கும் நீர் கெடாமலிருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் குடியிருப்பும் தொழிலும் பெருகக் கூடாது. நகரத்தின் தாகம் காட்டுக்கு வேலியானது. 1942இல் கிருஷ்ணகிரி தேசியப் பூங்கா என்ற பெயரில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1950இல் பம்பாய் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. பின்னர் போரிவலி தேசியப் பூங்கா என்றும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்றும் பெயர் மாறி, இன்று 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக விரிந்திருக்கிறது. கன்ஹேரி பௌத்தக் குகைகளும் வார்லிப் பழங்குடி மக்களின் பாடாக்களும் (குக்கிராமங்களும்) அதற்குள்ளேயே இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே வழிகாட்டியோடு நடக்க வருபவர்களுக்குச் செடியின் பெயர் சொல்லப்படுகிறது. அந்தச் செடியை மருந்தாகவும் கறியாகவும் அறிந்த வார்லிக் குடும்பங்களோ பெரும்பாலும் பின்னணியில் நிற்கின்றன. விஹார், போவாய் ஏரிகளின் உபரிநீரில்தான் மித்தி ஆறு தொடங்குகிறது. காட்டில் பிறக்கும் அந்த ஆறு தாராவியின் விளிம்பைத் தொட்டு மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது.

நோய்க்கான கதை மாட்டுங்காவில். 1896இல் பிளேக் பரவி நகரம் நடுங்கிய பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாயிற்று. நெரிசலான வீதிகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற எண்ணத்தில் தாதர்–மாட்டுங்கா பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஐந்து தோட்டங்கள் என்று வழங்கும் பூங்காக்கள் அந்தத் திட்டமிடலின் விளைவு. அங்கே எழுந்த அடுக்குமாடிகளில் தென்னிந்தியக் குடும்பங்கள் எப்படிக் குடியேறின என்பதை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஐந்து தோட்டங்களுக்கு யாரும் இயற்கைக் கல்வி என்று பெயர் சூட்டவில்லை. காலை நடை, மாலை அரட்டை, குழந்தைகளின் ஓட்டம், அவ்வளவுதான். திட்டமிட்ட நிகழ்ச்சி எதுவுமின்றியே இந்தப் பழக்கம் தலைமுறைகளாக நடந்துவருவதைக் கவனிக்க வேண்டும்.

இடம் இருந்தால் போதாது, காட்டுபவரும் வேண்டும். 1883 செப்டம்பர் 15 அன்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கிய எண்மரில் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்ற இரு இந்திய மருத்துவர்கள் இருந்தனர். தொடக்க காலத்தில் சங்கத்தின் நாட்டமெல்லாம் வேட்டையிலும் சேகரிப்பிலும்தான். பொதுமக்களுக்கு இயற்கையை எடுத்துச்சொல்வது ஒரு சம்பளப் பணியாக மாறியது 1926இல். வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பின்னாளில் பறவையியலாளராகப் புகழ்பெற்ற சலீம் அலி வழிகாட்டி விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி விளக்குவது அவர் வேலைகளுள் ஒன்று. இரண்டாண்டுக்குப் பின் விடுப்பில் பெர்லின் சென்று பறவையியல் பயின்று 1930இல் திரும்பினார். பணம் இல்லையென்று அதற்குள் அந்தப் பதவியே எடுக்கப்பட்டிருந்தது. நகரத்தின் முதல் இயற்கை வழிகாட்டிகளில் ஒருவர் வேலையிழந்தது இந்தியப் பறவையியலுக்கு நல்லதாய் முடிந்தது. மும்பைப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்ததை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1920 கோடையில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹரால்ட் பிரையண்டும் லோய் மில்லரும் பயணிகளை இயற்கை நடைக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினர். சில ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் பூங்காவில் பெயர்ப்பலகைகள் தொங்கவிட்ட இயற்கைப் பாதை அமைந்தது. கோடை விடுமுறை, கூடாரம், இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பேச்சு: மாநிலப் பூங்காக்களின் கோடை நிகழ்ச்சி இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. அங்கே கோடை என்பது குளிர் விட்ட, வெளியே வரத் தூண்டும் காலம்.

மும்பையில் மே மாதம் அப்படியா? காற்றில் ஈரம் ஏறி, நிழலில் நின்றாலும் வியர்த்துக் கொட்டும். பள்ளி மூடியதும் தாராவித் தமிழ்க் குடும்பங்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறித் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விடும். கொங்கணத்தார் தங்கள் ஊருக்கு. குளத்தில் குளிப்பது, பனங்காட்டில் நுங்கு சீவித் தின்பது, கோயில் கொடைக்குக் காத்திருப்பது என்று அந்தப் பிள்ளைகளின் கோடை கழிந்தது. எந்தக் கழகமும் பதிவு செய்யாத இயற்கைக் கல்வி அது. ஆக, அயல்நாட்டு அச்சு இங்கே வந்தபோது நாட்காட்டி நகர்ந்தது. கோடை முகாம்கள் நடக்கத்தான் செய்கின்றன; ஆனால் மும்பை இயற்கை நடைகளின் உண்மையான பருவம் ஜூனில் முதல் மழையோடு தொடங்கி, வண்ணத்துப்பூச்சிகள் பெருகும் செப்டம்பர், அக்டோபரைக் கடந்து, வலசைப் பறவைகளின் குளிர்காலம் வரை நீளும். மும்பையில் நெடுங்காலம் இயங்கிய கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக 1950இல் வன மகோத்சவத்தைத் தொடங்கியபோது ஜூலையைத் தேர்ந்ததும் மழையைக் கணக்கிட்டே.

இனிக் குப்பை. மித்திக் கரையின் கிடங்கு மூடப்பட்ட பின் அங்கே இயற்கைக் கல்வி மையம் ஒன்றை உருவாக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை. 1983இல் சலீம் அலி அங்கே மரக்கன்று நட்டார். அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணிய பறவைகளை விளக்கத் தொடங்கிய மனிதர் எண்பத்தாறு, எண்பத்தேழு வயதில் குப்பைமேட்டில் மரம் நடுகிறார்! மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் பணியை நடத்தியது. அழுகும் கழிவு வாயு கக்கும், சீராக அமிழாது. மேலே மண் கொட்டி, தாங்கும் இனங்களை நட்டு, மழைநீரைக் குளத்தில் தேக்கிப் பொறுமையாகக் காடு வளர்க்க வேண்டியிருந்தது. 1991இல் அது பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, 1994இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இடையே இன்னொன்றும் நடந்தது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயமாக்கப் பணித்தது. பாடத்துக்குக் களம் தேவைப்பட்ட நேரத்தில் பூங்கா தயாராக இருந்தது. பள்ளிச் சுற்றுலா, மண்புழு உரப் பயிற்சி, பறவை நோக்கல், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் நிகழ்ச்சிகள் என்று அதன் ஆண்டு பள்ளியை ஒட்டியே சுழல்கிறது. இதில் ஓர் இழப்பும் உண்டு. இரண்டேகால் சதுர கிலோமீட்டர் அளவில் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் தாராவிக்கு, சாலை தாண்டினால் இருக்கும் இந்தக் காடு சீட்டு வாங்கி, ஆசிரியர் பின்னால் வரிசையில் நடந்து பார்க்கிற பாடமாகவே பெரிதும் வாய்த்திருக்கிறது. மரங்களைக் காக்க அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் மாட்டுங்காச் சிறுவனுக்கு ஐந்து தோட்டங்கள் கொடுத்த உரிமையுணர்வை அது தாராவிச் சிறுமிக்குக் கொடுத்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாக்கடைக்குச் செம்பூர்ப் பக்கம் போக வேண்டும். 1950களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் நிற்கும் மாகுலுக்கும் சிவ்ரிக்கும் இடையிலான சேற்றுப் பரப்பில் 1990களில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடத் தொடங்கின. நகரக் கழிவுநீர் கொண்டுவரும் சத்துகளால் பெருகும் பாசியே அவற்றை இழுத்தது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். தானே கழிமுகத்தில் 1,690 ஹெக்டேர் 2015இல் பூநாரைச் சரணாலயமானது. 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியிலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். நவம்பர் முதல் மே வரை தங்கும் இப்பறவைகள் தேர்வுக் காலமான பிப்ரவரி, மார்ச்சில்தான் நிறைந்து நிற்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை முடிவதற்குள் கிளம்பியும் விடும்.

2022இல் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்திடம் போனபோது பூங்காவும் திட்டத்துக்குள் இழுக்கப்படுமோ என்ற அச்சம் எழுந்து வழக்கானது. பூங்கா அதில் சேராது என்று 2023இல் அதிகாரிகள் மும்பை உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தனர். அடுத்த ஆண்டு மாநில அரசு இன்னொரு குப்பை நிலத்தைப் பற்றி முடிவெடுத்தது: 1927இல் தொடங்கிய, 2016 ஜனவரியில் நாட்கணக்கில் எரிந்து நகரைப் புகையில் மூழ்கடித்த, செம்பூரை அடுத்த தேவ்னார் கிடங்கில் சுமார் 124 ஏக்கர் தாராவித் திட்டத்தின் வீடுகளுக்கு. மாகிமில் குப்பை கொட்டுவது நின்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டார்கள், அதுவும் பகலில் சில மணி நேரம். தேவ்னாரில் குடும்பங்கள் இரவும் பகலும் வாழப்போகின்றன. அங்கே மண் ஆற எத்தனை ஆண்டு விடப்படும் என்பதையே இந்த வரலாற்றை அறிந்தவர்கள் முதலில் கேட்பார்கள்.