ஷாப்லி: பெயரைப் பறிகொடுத்த வைன்

லியோ டோல்ஸ்டோயின் ‘அன்னா கரேனினா’ நாவலில் இரு நண்பர்கள் மொஸ்கோ உணவகம் ஒன்றில் இராப்போசனத்துக்கு அமரும் காட்சி வருகிறது. ஒப்லோன்ஸ்கி சிப்பிகளை வரவழைக்கிறார். வைன் எது என்று பரிசாரகர் கேட்டதும் முதலில் வேறொன்றைச் சொல்லி, பின்னர் மனம் மாறி ஷாப்லியைக் கேட்கிறார். உடனிருந்த லெவினுக்கோ பாணும் பாற்கட்டியும் கிடைத்திருந்தாலே போதும். 1870களில் எழுதப்பட்ட நாவல் அது. பிரான்ஸின் சிற்றூர் ஒன்றின் வெள்ளை வைனை ரஷ்ய வாசகருக்கு விளக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்கவில்லை. அந்தப் புகழே பின்னர் அவ்வூருக்கு வினையாயிற்று.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில், பேர்கண்டிப் பிரதேசத்தின் வடகோடியில் இருக்கிறது ஷாப்லி. 1114இல் நிறுவப்பட்ட பொன்ட்டினி மடத்தின் துறவிகளுக்கு இங்கே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. பீப்பாய்கள் வண்டியில் ஒக்ஸேர் நகருக்குச் சென்று, அங்கிருந்து யோன் ஆற்றின் வழியே தலைநகரை அடைந்தன.

‘உலர்’ வைன் என்றதும் நம்மவர் சிலர் குழம்புவதுண்டு. திராட்சைச் சாற்றின் சர்க்கரை நொதித்து மதுசாரமாகிவிட, நாவுக்குத் தெரியும் இனிப்பு எஞ்சாதது என்பதே அதன் பொருள். ஷார்டொனே என்னும் ஒரே இனத் திராட்சையிலிருந்து வரும் ஷாப்லி, குளிர்ந்த நிலத்தின் விளைச்சல் ஆதலால் புளிப்புத் தூக்கலானது. பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியசில் அருந்தினால் பச்சை அப்பிளின் வாசனையும், நனைந்த கல்லை நினைவூட்டும் ஏதோ ஒன்றும் தெரியும். உப்புக் கரிக்கும் பச்சைச் சிப்பிக்குத் தேசிக்காய் பிழிவதைத்தான் இந்தப் புளிப்பும் செய்கிறது. ஆட்டுப்பாற் கட்டிக்கும் பொரித்த மீனுக்கும் பொருந்துவது அதனாலேயே. எங்கள் மிளகாய்த்தூள் கறியுடன் வைத்தால் பணம்தான் வீண்: மதுசாரம் உறைப்பைக் கூட்டும், வைனின் சுவையோ காணாமற் போகும்.

ஷாப்லியின் சரிவுகளில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலடி மண் கிடக்கிறது. அதில் சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்துள்ளன. சிப்பி மண்ணில் விளைந்ததால் சிப்பிக்குப் பொருந்துகிறது என்பார்கள். கேட்க அழகான கதை. ஆனால் மண்ணின் சுவை வேர் வழியே நேராகக் கிண்ணத்துக்கு வருவதாக அறிவியலாளர் ஒப்புவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோன் மாவட்டத்தில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் திராட்சை இருந்தது. 1850களில் புகையிரதப் பாதை தெற்கை இணைத்ததும் வெயில் நிலத்து மலிவு வைன் பாரிஸில் குவிந்தது. பின்னர் வேரை உறிஞ்சும் பிலொக்ஸெரா பூச்சி வந்தது. போர்கள் இளைஞரைக் கொண்டுபோயின. இளவேனில் உறைபனி 1945இலும் 1957இலும் விளைச்சலை அழித்தது. 1950களில் ஷாப்லியில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேயர் மட்டுமே.

இதே காலத்தில் உலகச் சந்தையில் ‘ஷாப்லி’க்குப் பஞ்சமே இருக்கவில்லை! கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எந்த வெள்ளைத் திராட்சையில் செய்தாலும், இனிப்பே இருந்தாலும், போத்தலில் அப்பெயர் ஒட்டப்பட்டது. அமெரிக்கக் கடைகளில் இளஞ்சிவப்பு ‘ஷாப்லி’கூட விற்கப்பட்டது. பிரான்ஸ் 1938இலேயே இப்பெயரின் எல்லையைச் சட்டப்படி வரையறுத்திருந்தது. ஆனால் அச்சட்டம் கடல் கடந்து செல்லவில்லை.

இலங்கையருக்கு இந்த வழக்கு அந்நியமானதன்று. எமது கறுவாவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கிடைத்தது 2022இல்தான்.

உறைபனியைச் சமாளிக்கச் சூடேற்றிகளும் நீர்த் தெளிப்பான்களும் வந்தபின் தோட்டங்கள் மீண்டன. இன்று ஷாப்லியில் ஏறத்தாழ 5,800 ஹெக்டேயர் உண்டு. ஆனாலும் 2021 ஏப்ரலில் உறைபனி பெரும் சேதம் விளைவித்தது. பெயரைப் பொறுத்தவரை, 2010இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி அவுஸ்திரேலியா அதைக் கைவிட்டது. அமெரிக்காவுடனான 2006 ஒப்பந்தமோ புதிதாக எவரும் அப்பெயரை எடுப்பதை மட்டுமே தடுத்தது. முன்னரே பயன்படுத்தியவர்கள் உள்நாட்டில் தொடர அதில் இடமுண்டு.