பனிக்காட்டில் ஒரு பரண்

அமெரிக்க நாட்டின் வட எல்லையில், ஐம்பெரும் ஏரிகளின் கரையை ஒட்டிக் கிடக்கும் விஸ்கான்சின், மிச்சிகன் என்னும் இரு மாநிலங்களிலும், நவம்பர் மாதத்தின் பிற்பாதி வந்துவிட்டால், விடியலுக்கு வெகு முன்னரே லட்சக்கணக்கான மனிதர்கள் உறைபனியை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் செல்கிறார்கள். அவர்களுள் பலர், பல வாரங்களுக்கு முன்பே தேர்ந்து வைத்த ஒரு மரத்தில், பதினைந்து இருபதடி உயரத்தில் அமைத்த சிறு பரணின்மேல் ஏறி அமர்ந்து, வெண்வால் மான் வரக்கூடிய தடத்தை நோக்கியவாறு மணிக்கணக்காக அசையாதிருக்கிறார்கள். இந்தக் காட்சியைக் காண்பவர், இது மனிதன் காட்டில் வாழத் தொடங்கிய நாள் முதல் மாறாமல் நடந்துவரும் வழக்கம் என்று எண்ணக்கூடும். மரத்திலேறிக் காத்திருப்பது பழைய உபாயந்தான். ஆனால், ஒரு மனிதன் தன்னந்தனியாக, கடுங்குளிரில், ஒரே மரத்தை நம்பி அமர்ந்திருப்பது இந்தப் பிரதேசத்தின் பொது வழக்கமாக வேரூன்றியது ஏறக்குறைய இந்த நூறாண்டுக்குள்ளேதான். அவ்வழக்கம் பிறப்பதற்கு முன், அந்த மான் கூட்டமே அழிவின் விளிம்பு வரை சென்று மீள வேண்டியிருந்தது.

பழைய வேட்டை எப்படி இருந்தது என்பதற்கு 1615-ஆம் ஆண்டின் சாட்சியம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரராகிய சாமுவேல் த ஷாம்ப்ளேன் அவ்வாண்டு ஹியூரான் என்னும் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து இரோகுவாக்களின் கோட்டையொன்றைத் தாக்கச் சென்று, காலில் அம்புக் காயம் பட்டு, காரியமும் கைகூடாமல் திரும்புகையில், சதுப்புகளும் ஓடைகளும் உறைந்து இறுகிய பிறகே ஊர் திரும்ப இயலும் என்ற நிலைமையில், ஒன்டாரியோ ஏரிக்கு வடபால் உள்ள காட்டில் அவர்களுடன் தங்க நேர்ந்தது. அங்கே அம்மக்கள் எட்டு ஒன்பதடி உயரமுள்ள கழிகளை நெருக்கி நட்டு, ஒவ்வொரு பக்கமும் ஆயிரத்து ஐந்நூறு தப்படி நீளும் இரண்டு வேலிகளை எழுப்பி, அவை குறுகிச் சேரும் முனையில் ஒரு பட்டியையும் அமைத்தார்கள். விடிவதற்குச் சற்று முன் ஆடவர் காட்டுக்குள் பரவி நின்று, கையிலுள்ள கோல்களைத் தட்டி ஓசை எழுப்பி, மான்களை வேலிகளின் அகன்ற வாய்க்குள் விரட்டுவார்கள். உள்ளே புகுந்துவிட்ட மானுக்குப் பின்னால் ஓநாயைப் போல் ஊளையிடுவார்கள். அது அஞ்சி ஓடிப் பட்டிக்குள் விழும். ஒருநாள் விட்டு ஒருநாளாக முப்பத்தெட்டு நாட்களில் நூற்றிருபது மான்கள் அகப்பட்டன என்று ஷாம்ப்ளேன் எழுதியிருக்கிறார். குளிர்காலத்துக்கென்று அவற்றின் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொண்டார்கள். கூட்டமாகச் சேர்ந்து உழைத்துக் கூட்டமாகப் பசியாறிய வேட்டை அது. தனிமைக்கும் மௌனத்துக்கும் அதில் வேலையே இல்லை.

வெள்ளையர் குடியேற்றம் பெருகிய காலத்தில் மான் சந்தைச் சரக்காயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏரிப் பிரதேசத்தின் வெண்பைன் காடுகள் கோடரிக்கு இரையானபோது, வெட்டிய நிலத்தில் தளிரும் புதரும் மண்டி மானுக்குத் தீனி கூடியது உண்மையே. ஆனால், ரயில் பாதை சென்ற இடமெல்லாம் துப்பாக்கியும் சென்றது. மரவெட்டிகளின் முகாம்களுக்கு மான் இறைச்சியே அன்றாட ஆகாரமாக, எஞ்சியது ரயிலேறி நகரங்களுக்குப் போயிற்று. படகின் முகப்பில் தீப்பந்தம் ஏற்றி, இரவில் நீரருந்த வந்த மானின் கண்ணொளியைக் குறிவைத்துச் சுட்டார்கள். நாய்களை ஏவி மானை ஏரிக்குள் இறக்கி, நீந்தும்போது கொன்றார்கள். உப்புக் கசியும் மண்ணருகே சாரம் கட்டி அமர்ந்து, நக்க வந்தவற்றை வீழ்த்தினார்கள். இந்தச் சாரங்களே இன்றைய பரணின் மூதாதை என்று சொல்லலாமாயினும், அவற்றில் தந்திரம் இருந்த அளவு நியாயம் இல்லை. வெட்டிப் போட்ட கிளைகளும் சருகுகளும் உலர்ந்து கிடந்த அந்நிலங்களில் தீயும் அடிக்கடி பரவியது. 1871 அக்டோபர் 8 அன்று விஸ்கான்சினின் பெஷ்டிகோ ஊரை எரித்த காட்டுத்தீயில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1900-ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கு மிகா என்பது பின்வந்த அறிஞர்களின் மதிப்பீடு.

அதன்பின் சட்டம் வந்தது. 1897-இல் விஸ்கான்சின் அரசு வேட்டைக்கு உரிமச்சீட்டு வேண்டுமென்றும், ஒருவர் இரண்டு மானுக்கு மேல் கொல்லலாகாதென்றும் விதித்தது. 1900-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1915-இல் விஸ்கான்சினில் கொம்புள்ள கலைமான் ஒன்றே ஒருவருக்கு என்ற கட்டுப்பாடு வந்தது. 1925 முதல் பத்தாண்டுக் காலம், ஓராண்டு விட்டு ஓராண்டு வேட்டையே இல்லாமல் காடு மூடிக் கிடந்தது. நாயும் போயிற்று, இரவுப் பந்தமும் போயிற்று, சந்தையும் போயிற்று. இவை யாவற்றையும் இழந்தபின் வேட்டைக்காரன் கையில் எஞ்சியது பொறுமை ஒன்றுதான். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இதுவே: மனிதன் தன் வலிமையைச் சட்டத்தால் தானே குறைத்துக்கொண்டதன் விளைவாக, விலங்கின் சுபாவத்தையும் காற்றின் போக்கையும் மரத்தின் குணத்தையும் கற்றே தீரவேண்டியவன் ஆனான்.

அந்தக் கல்வியை நிறைவு செய்தது வில். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே, தன் இனத்தார் அனைவரும் மாண்டபின் தனியே வெளிப்பட்ட யாஹி இனத்து இஷி என்பவரிடம், சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916-இல் காலமானார். போப் 1923-இல் வில்வேட்டையைப் பற்றி வெளியிட்ட நூலும், அவர் தோழர் ஆர்தர் யங் ஊர் ஊராகக் காட்டிய அலாஸ்கா வேட்டைத் திரைப்படமும் ஏராளமானோரைக் கவர்ந்தன. டெட்ராய்ட் நகரில் அப்படத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த பிரெட் பேர் என்ற இளைஞர், பிற்காலத்தில் மிச்சிகனில் வில் செய்யும் தொழிற்சாலையே நிறுவினார். 1934-இல் விஸ்கான்சின் அரசு சாக், கொலம்பியா என்னும் இரு மாவட்டங்களில் வில்லுக்கென்றே தனியான வேட்டைப் பருவத்தை ஏற்படுத்தியது. மறு ஆண்டு அந்தச் சாக் மாவட்டத்திலேதான் ஆல்டோ லியோபோல்ட் என்னும் வனவிலங்குப் பேராசிரியர் பாழ்பட்ட பண்ணையொன்றை வாங்கினார். அவர் தம் கையாலேயே வில் செதுக்குபவர். அவர் துணைவியார் எஸ்டெல்லா மாநிலத்தின் வில்வித்தைப் பரிசுகளை வென்றவர். துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பாலும் பேசும். அக்கால வில்லோ இருபது கஜத்துக்குள் மான் வந்தால்தான் பயன்பட்டது. அவ்வளவு அருகே வரும் மான், தரையில் நிற்கும் மனிதனை முகர்ந்தோ கண்டோ ஓடிவிடும். ஆகவே அவன் மரத்தின்மேல் ஏறினான். நம் தினைப்புனத்தில் பரண் கட்டியவர்கள் விலங்கை விரட்டக் கட்டினார்கள். இவர்களோ அது அஞ்சாமல் வரவேண்டுமென்று கட்டினார்கள். துப்பாக்கிக்காரருக்கு மிச்சிகன் போன்ற இடங்களில் உயரத்திலிருந்து சுடுவது வெகுகாலம் தடை செய்யப்பட்டிருந்ததால், பரண் என்பது முதலில் வில்லாளிகளின் கலையாகவே வளர்ந்தது.

இனி, மரத்தைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விஸ்கான்சினில் செப்டம்பரில் வில் பருவம் தொடங்கும்போது எந்த மேப்பிள் மரமும் மனிதனை மறைத்துவிடும். நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்தபின், அதே மரத்தில் அமர்ந்தவன் வானத்தின் பின்னணியில் கரிய உருவமாகத் தெரிவான். எனவே குளிர்காலப் பரணுக்கு ஹெம்லாக், வெண்பைன், சீடார் ஆகிய பசுமை மாறா மரங்களையோ, காய்ந்த இலையை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஓக்கையோ அனுபவசாலிகள் நாடுவார்கள். அடிமரம் மனிதனுடைய முதுகை விட அகன்றிருக்க வேண்டும். பின்னாலும் பக்கத்திலும் கிளைகள் இருந்து உருவத்தைக் கலைக்க வேண்டும். காலைச் சூரியன் முகத்தில் விழலாகாது. இவை கண்ணுக்குரிய விதிகள். மானுக்குக் கண்ணைக் காட்டிலும் மூக்கே பிரதானம். ஆதலால் காற்றைப் பற்றிய விதியே தலையாயது. வீசும் காற்று மான் தடத்திலிருந்து மரத்தை நோக்கி வரவேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அதைவிடச் சூக்ஷ்மமானது, காற்றே வீசாத குளிர்நாளில் மலைச்சரிவில் நிகழும் இயக்கம்: மாலையில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி நீரைப்போல் வழிகிறது, காலையில் வெயில் ஏறியதும் அது திரும்ப மேலெழுகிறது. மாலையில் சரிவின் மேற்பகுதியில் அமர்ந்தவனது வாசனை கீழே ஓடையருகில் மேயும் பிணைமானுக்குச் சில நிமிடங்களில் எட்டிவிடும். ஆகையால் விவேகி, காலைக்கு ஒரு மரமும் மாலைக்கு ஒரு மரமுமாகத் தேர்ந்து வைக்கிறான். அங்குச் சென்று சேரும் வழியும் அதே அளவு முக்கியம். உறைந்த சருகு மிதிபட்டு நொறுங்கும் ஓசை நிசப்தமான காட்டில் வெகுதூரம் கேட்கும். உள்ளே உளுத்துப்போயும் பட்டையளவில் உறுதியாகத் தோன்றும் பிர்ச் மரத்தை நம்பலாகாது. 2002-இல் டெட்ராய்ட் நகருக்கருகே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரகத நிற ஆஷ் துளைப்பான் வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டதால், ஒரு தலைமுறைக்கு முன் விரும்பி ஏறிய நெடிய ஆஷ் மரம் இன்று பரணுக்கு ஆகாத மரமாகிவிட்டது.

கடுங்குளிர் முற்றியபின் மானின் நடமாட்டமும் மாறுகிறது. வடபகுதியில் பனி முழங்காலளவு படிந்ததும் மான்கள் சீடார், ஹெம்லாக் அடர்ந்த சதுப்புகளில் ஒதுங்கிக்கொள்கின்றன. மேலே பின்னிய கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்ள, கீழே நடக்க வழி கிடைக்கிறது. தென்முகச் சரிவில் வெயில் காயவும் வருகின்றன. இந்தச் சதுப்புகளில் தீனியின்றி மான்கள் பட்டினியால் மடிவதைக் கண்டு, 1943-இல் விஸ்கான்சின் மாநில வனப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராயிருந்த லியோபோல்ட், பிணையையும் குட்டியையும் கூட வேட்டையாட அனுமதித்தால்தான் காடும் மானும் பிழைக்கும் என்று வாதாடினார். அவ்வாண்டு சுமார் 1,28,000 மான்கள் வீழ்ந்தபோது ஜனங்கள் அவரை நிந்தித்தார்கள். அவருடைய கருத்தே சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குளிரில் அசையாமலிருப்பது நடப்பதைக் காட்டிலும் கொடிய சோதனை. உழைக்காத உடம்பில் ரத்தம் கைகால்களை விட்டு உள்ளே ஒடுங்குகிறது. இதற்கான ஆடையின் சரித்திரமும் இந்த ஏரிக்கரையிலேயே தொடங்குகிறது. 1811-இல், செயின்ட் ஜோசப் தீவிலிருந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் சார்லஸ் ராபர்ட்ஸ், குளிர்கால மேலங்கிகள் வந்து சேராமையால், கிடங்கிலிருந்த கம்பளிகளையே வெட்டித் தம் வீரர்களுக்கு அங்கி தைக்கச் செய்தார். மெக்கினா என்ற பெயர் பெற்ற அந்தத் தடித்த கம்பளி அங்கி, மரவெட்டிகள் மூலமாக வேட்டைக்காரருக்கும் வந்தது. நனைந்தாலும் சூடு காக்கும் கம்பளிக்கு நிகராகப் பருத்தி எக்காலத்திலும் நின்றதில்லை. 1912-இல் மேய்ன் மாநிலத்து லியோன் பீன் ரப்பர் அடியும் தோல் மேற்புறமும் கொண்ட வேட்டைப் பாதரட்சையைச் செய்து விற்றார்; முதல் நூறு ஜோடிகளில் தொண்ணூறு பிய்ந்துபோய்த் திரும்பி வந்தபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீர்திருத்திய ஜோடுகளைச் செய்தார். எந்த ஆடையானாலும் அனுபவசாலி அதை உடுத்திக்கொண்டு காட்டில் நடப்பதில்லை. மூட்டையாகக் கட்டிச் சுமந்து, வியர்க்காதபடி மெல்ல நடந்து, மரத்தடியில் உடம்பு ஆறியபின்னரே உடுத்துகிறான். நடையில் ஊறும் வியர்வையே பின்னால் அவனை உறைய வைக்கும்.

பரணில் உயிரிழப்பவருள் பெரும்பாலோரைக் கொல்வது துப்பாக்கியுமன்று, குளிருமன்று, வீழ்ச்சியே. உறைபனி படிந்த இரும்புப் படி வழுக்குகிறது. விறைத்த விரல் பிடியை விடுகிறது. தடித்த அங்கி கிளையில் சிக்குகிறது. முற்காலத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கச்சை மட்டுமே கட்டினார்கள். விழுந்தவனை அது மண்ணில் மோதாமல் தடுத்தாலும், வயிற்றை இறுக்கி மூச்சை அடைத்துக் கொன்றது. இன்று தோள், மார்பு, தொடை யாவற்றையும் தழுவும் கவசவாரே விதியாயிற்று. அதிலும் நெடுநேரம் தொங்கினால் தொடை வார் ரத்தவோட்டத்தைத் தடுக்குமாதலால், காலூன்றி நிற்க ஒரு சுருக்குக் கயிறும் உடன் வேண்டும். தரையை விட்டுக் கால் எழும் கணத்திலிருந்து மீண்டும் தரையில் படும் கணம் வரை அந்த வார் மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தகப்பனும் தன் மகனுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான்; ஏறும்போதும் இறங்கும்போதும் நேரும் வீழ்ச்சிகளே அதிகம்.

பழைய தலைமுறையினர் பலகையை ஆணியால் அறைந்து கட்டிய பரண்கள் இன்னும் பல தோப்புகளில் சாய்ந்து தொங்குகின்றன. ஆணி அறைந்த மரம் அந்தப் புண்ணைச் சுற்றி வளர்ந்து இரும்பை உள்ளே விழுங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து வாள்பட்டறையில் அது அறுக்கப்படும்போது, வாளின் பல் தெறித்து வேலை செய்பவனைக் காயப்படுத்துகிறது. அதனால் மிச்சிகனின் பொதுக் காடுகளில் மரத்தில் ஆணியோ திருகோ ஏற்றுவது குற்றம்; வாரினால் கட்டி அவிழ்க்கும் பரணையே அங்கு உபயோகிக்கிறார்கள். மரம் குளிரில் சுருங்கவும் காற்றில் ஆடவும் வார் தளர்ந்துவிடக்கூடுமாதலால், கோடையில் கட்டிய பரணை நவம்பரில் ஏறுமுன் ஒவ்வொரு முடிச்சாகச் சோதித்து மீண்டும் இறுக்குகிறார்கள்.