சாந்தோம் விழுந்தது, புதுச்சேரி எழுந்தது

ஸ்பெயினில் சந்தியாகோ என்றொரு பேராலய நகரம். ஏசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை மீது எழுந்தது என்பார்கள். ரோமாபுரியில் பேதுருவுக்கு ஒன்று. அதே வரிசையில் நம் சென்னையிலும் ஒன்று உண்டு: தோமையார் கல்லறை மீது நிற்கும் சாந்தோம். சற்றுத் தெற்கே அடையாறு கடலில் கலக்கிறது.

போர்த்துகீசியர் 1520களில் அங்கே ஆலயம் கட்டிக் குடியேறினார்கள். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை நகரைப் பிடித்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பதினான்காம் லூயியின் போர்களை மனப்பாடமாக ஒப்பிப்போம். அவருடைய கொடி மயிலாப்பூர்க் கடற்கரையில் இரண்டு வருஷம் பறந்ததை யாரும் சொல்லித் தரவில்லை. ரிடையர் ஆன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1672 ஜூலையில் தெ லா ஏ என்ற தளபதி கப்பல்களோடு வந்து சாந்தோமைப் பிடித்தார். கோல்கொண்டா படை தரைவழியே வளைத்தது. டச்சுக்காரர் கடலை அடைத்தார்கள். ஐரோப்பாவில் அப்போது பிரான்சோடு சேர்ந்து டச்சுக்காரரை எதிர்த்த ஆங்கிலேயர், பக்கத்திலேயே ஜார்ஜ் கோட்டையில் இருந்தும் உதவிக்கு வரவில்லை. வியாபாரத்துக்குப் போட்டியாக இன்னொருவன் அருகில் இருப்பதை யார் விரும்புவார்?

உள்ளே அரிசி தீர்ந்தது. உதவி தேடி அனுப்பப்பட்டவர் பெல்லாஞ்ஜே தெ லெஸ்பினே. பீஜப்பூர் சுல்தானின் அதிகாரி ஷேர்கான் லோடி அவருக்குக் கொடுத்த இடம்தான் புதுச்சேரி. அவர் 1673 பிப்ரவரியில் அங்கே இறங்கினார். பின்னால் வந்த பிரான்சுவா மர்த்தேன் அங்கிருந்து முற்றுகைக்குள் உணவுப் பொருள் அனுப்பப் பாடுபட்டார். பலிக்கவில்லை. 1674 செப்டம்பரில் சாந்தோம் சரணடைந்தது. பிறகு கோட்டைச் சுவர்களை இடித்துவிட்டார்கள்.

முற்றுகைக்கு அரிசி அனுப்பக் கிடைத்த கடற்கரைக் கிராமத்தை மர்த்தேன் விடவில்லை. அதை ஊராக்கி, 1706இல் அங்கேயே கண்ணை மூடினார். நான் பிரெஞ்சு படித்ததற்கும் மூலகாரணம் அந்தத் தோல்விதான்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. யார் கொடி ஏறினாலும் பசி கிடந்தவர்கள் ஊர் ஜனங்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நான் படித்த வரலாறுகளில் இல்லை. திருத்தணி 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததைப் பார்த்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அப்போது பேரணிக்குப் போனது யார், சிறைக்குப் போனது யார் என்பதை, பெரியவர்களே, பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சாந்தோமில் இப்போது நிற்கும் ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. சென்னைக்குப் போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.