முதலுதவித் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

புதுவாயல், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு முதலுதவிச் சான்றிதழ் கைகொடுக்கும். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும், அதன் பொறுப்பாளர் இச்சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு இப்பயிற்சியை அளிக்கிறது.

தேர்வில் செய்து காட்டச் சொல்வார்கள். மனப்பாடம் மட்டும் போதாது. வரிசை முக்கியம். முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள்; மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும், பற்பசை தடவாதீர்கள்.

இரண்டு நிமிடம் அழுத்தினாலே கை களைத்துவிடும். வீட்டில் தலையணை மீது இன்றே பழகத் தொடங்குங்கள்.