மக்காச்சோளமும் மாயர் மரபும்

மக்காச்சோளம் என்னும் பெயரைக் கேட்டதும், அது புனித மக்காவிலிருந்து வந்த தானியம் போலும் என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. உண்மை வேறு. அதன் பிறப்பிடம் மெக்சிகோவின் தென்பகுதி. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், அந்நாட்டுப் பழங்குடியினர் ஒரு காட்டுப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்து உருவாக்கிய பயிர் அது. உறையால் இறுக மூடப்பட்ட கதிராதலின், மனிதன் உதிர்த்து விதைத்தாலன்றி அது தானே பரவிப் பெருகாது.

மனிதனும் பயிரும் ஒருவரையொருவர் சார்ந்த இவ்வுறவே அம்மக்களின் சமயத்திலும் வேரூன்றிற்று. குவாத்தமாலா மலைநாட்டில் வாழும் கிச்சே மாயரின் பழம்பனுவல் ‘பொப்போல் வூ’. தெய்வங்கள் முதலில் சேற்றால் மனிதனைச் செய்தன. அவன் நீரில் கரைந்தான். பின்னர் மரத்தால் செய்தன. அவனுக்கு உள்ளமும் இல்லை, படைத்தோரைப் பற்றிய நினைவும் இல்லை. இறுதியில் மூதாட்டி இஷ்முக்கானே மஞ்சளும் வெள்ளையுமான சோளத்தை ஒன்பது முறை அரைத்தாள். அம்மாவினின்று முதல் மாந்தர் நால்வர் உருவாயினர் என்கிறது அந்நூல். மண்ணினின்று படைக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்பது நமது நம்பிக்கை. ஆயினும், உண்ணும் உணவைத் தம் உடலாகவே கண்ட ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிந்துகொள்ளுதல் நன்றேயாகும்.

1562ஆம் ஆண்டில், யுகத்தான் பகுதியிலுள்ள மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயரின் சுவடிகளைத் தீக்கிரையாக்கினார். இன்று எஞ்சியுள்ள பழஞ்சுவடிகள் நான்கே. பொப்போல் வூ நமக்குக் கிடைத்ததோ, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்னும் மற்றொரு பாதிரியார் அதனைப் படியெடுத்து வைத்ததால்தான். கிரானடாவில் அரபு நூல்கள் எரிக்கப்பட்ட வரலாற்றைப் படித்தோர்க்கு இத்துயரம் புதிதன்று.

ஏட்டை எரித்தவர்கள் தானியத்தை மட்டும் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். மாயர் வீட்டுப் பெண்டிர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்கி, அதன் பின்னரே அம்மியில் அரைப்பர். தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து அதனால் விடுபட்டு உடலில் சேரும். அம்முறையைக் கல்லாத ஐரோப்பாவில், சோளமே உணவெனக் கொண்ட ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் பற்றிற்று. தோல் வெடித்து, வயிறு கழிந்து, அறிவு பேதலித்துப் பலர் மாண்டனர். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அந்நோயை விவரித்தார். அதனைத் தீர்க்கும் சத்து இன்னதென 1937இல்தான் தெளிவாயிற்று. மூடநம்பிக்கையென இகழப்பட்டோரின் அடுக்களையில் அதற்குரிய காப்பு நெடுங்காலமாகவே இருந்தது!

2014இல் குவாத்தமாலா அரசு, புதிய பயிர் வகைகளுக்குத் தனியுரிமை வழங்கும் சட்டமொன்றை இயற்றியது. தம் விதை தம் கைவிட்டுப் போகுமென அஞ்சிய மாயர் மக்கள் திரண்டெழுந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் அச்சட்டம் நீக்கப்பட்டது. சோளத்தைத் தம் உடலென்று கருதும் மக்கள் அதன் விதையை எங்ஙனம் பிறர்க்கு விட்டுக்கொடுப்பர்?