மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது அரசு பொருளாதாரத் தடை விதித்தது. தடுக்கப்பட்டவற்றுள் பெற்றோலும் பற்றரியும் அடங்கும். மண்ணெண்ணெய் மாத்திரம் அளவோடு வந்தது. அதுவும் கொழும்பு விலையிலும் பல மடங்குக்கு. ஆயினும் கார்கள் நின்றுவிடவில்லை.

அவற்றுட் பல மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால், இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றியிருந்தது. அந்த வழக்கமே அப்போது கைகொடுத்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினை அதனால் உயிர்ப்பிக்க முடியாது. ஆகவே பொனற்றைத் திறந்து, சிறு மருந்துப் போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். பற்றரி செத்திருந்தால் முன்புறம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்ற வேண்டும். இல்லையேல் நாலுபேர் தள்ள வேண்டும். சூடேறிய பின்னர்தான் எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்கும். வெண்புகை வீதியை மூடும். ஏறியவரின் உடுப்பிலும் அந்த வாடை இறங்காது.

தத்துவம் புதிதன்று. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் உழவு இயந்திரங்களைப் பெர்குசன் கம்பனி முன்னரே விற்றிருக்கிறது. ஆனால் அவை அதற்கென்றே ஆக்கப்பட்டவை. இங்கோ எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. றிங்குகள் தேய்ந்தன, பிளக்கில் கரி படிந்தது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே ஓரளவு தாக்குப்பிடித்தன. அவையும் ஒவ்வொரு பயணத்திலும் தம் ஆயுளைத் தின்றுகொண்டே ஓடின.

இக்கார்களை நினைவுகூர்வோர் யாழ்ப்பாணத்தாரின் சாமர்த்தியத்தை மெச்சுவர். மெச்சத்தக்கதே. ஆனால் அக்கதையில் ஒரு திகதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தடை தொடங்கி நாலே மாதத்தில், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகதெருவின் வர்த்தகர்களுள் இரும்புக்கடைக்காரரும் லொறிச் சொந்தக்காரரும் பலர். குடாநாடு ஓர் ஆணியையும் உதிரிப்பாகத்தையும் பொன்போலத் தேடிய ஆண்டுகளில், அந்த வியாபாரம் தெரிந்த மனிதர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் இருந்தனர். அவர்களின் கடைகளும் வாகனங்களும் பின்னே நின்றுவிட்டன.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. புத்தளத்திலிருந்து சிலர் வீடு பார்க்க வந்தனர். பல வீடுகளில் கூரையில்லை. கதவு, நிலை, யன்னல் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன.