ராக் கிட்டாரில் சிறார் கலைஞர்கள்

பதினெட்டு வயது நிரம்பும் முன்பே ராக் கிட்டார் வாசிப்பில் பெயர் பெற்றவர்கள் இந்த இசையின் வரலாறு நெடுகிலும் இருக்கிறார்கள். 1950களின் நடுவில் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் உருவானபோதே அதன் முன்வரிசையில் பள்ளி மாணவர்கள் நின்றார்கள். பியானோ, வயலின் பயிலும் குழந்தைகளைப் போல ஆசிரியர் முன் பல ஆண்டுகள் அமர்ந்து கற்றவர்கள் இவர்களில் குறைவு. வானொலி, இசைத்தட்டு, தெருவில் வாசிக்கத் தெரிந்த ஓர் அண்ணன், இவையே பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம். சிறுவயதில் புகழ்பெற்றவர்களில் யார் நிலைத்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்று தேடினால், விரல்களின் வேகத்தைக் காட்டிலும் பக்கத்தில் துணை நின்ற மூத்த கலைஞரும் குடும்பமுமே பெரிய காரணமாகத் தெரிகிறார்கள்.

கருவியின் பங்கு

மின்கிட்டார் சிறுவர்களுக்கு இணக்கமான கருவி. மரக்கிட்டாரில் ஒலி அரங்கை நிறைக்க வேண்டுமானால் கையில் வலு வேண்டும்; மின்கிட்டாரில் அந்த வேலையை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்கிறது. தந்திகள் மெல்லியவை, ஃபிரெட் பலகையை ஒட்டித் தாழ்ந்திருப்பவை. லேசாக அழுத்தினாலே போதும். ஃபெண்டர் நிறுவனம் 1956இல் மாணவர்களுக்கென்றே மியூசிக்மாஸ்டர், டுவோ-சானிக் என்னும் இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்தது. ஸ்ட்ராடோகாஸ்டரில் தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், இவற்றில் 22.5 அங்குலம். சின்னக் கைக்கு இந்த மூன்று அங்குலக் குறைவு பெரிய உதவி. 1960களில் எர்னி பால் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்லிங்கி வகை மெல்லிய தந்திகள், சுரத்தை வளைத்து வாசிப்பதையும் இளம் விரல்களுக்கு எளிதாக்கின. எடை மட்டும் குறையவில்லை. லெஸ் பால் கிட்டார் ஒன்று நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். பத்து வயதுப் பிள்ளை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது லேசான காரியமல்ல.

முதல் தலைமுறை

இந்த வரலாற்றை லாரி காலின்ஸிடமிருந்து தொடங்குவதே நியாயம். 1944இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்த இவர், அக்காள் லோரியுடன் சேர்ந்து ‘காலின்ஸ் கிட்ஸ்’ என்ற பெயரில் கலிஃபோர்னியாவின் ‘டவுன் ஹால் பார்ட்டி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1954 முதல் வாசித்தார். அப்போது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அதே நிகழ்ச்சியின் நட்சத்திரம் ஜோ மாஃபிஸ். செமி மோஸ்லி செய்துகொடுத்த இரட்டைக் கழுத்து மோஸ்ரைட் கிட்டாரில் மின்னல் வேகத்தில் வாசிப்பவர். பையனுக்கு அவரே குருவானார். சிறிது காலத்தில் பையனின் கையிலும் ஓர் இரட்டைக் கழுத்து மோஸ்ரைட் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. கிட்டார் அவரது உடம்பில் பாதியை மறைக்கிறது. வாசித்துக்கொண்டே மேடை முழுவதும் குதிக்கிறார். மாஃபிஸோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒரு சுரமும் பின்தங்குவதில்லை. பெரியவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, பையனை வேடிக்கைப் பொருளாக்கவும் இல்லை. வளர்ந்தபின் லாரி காலின்ஸ் பாடலாசிரியராகவும் விளங்கினார். அலெக்ஸ் ஹார்வியுடன் இணைந்து அவர் எழுதிய ‘டெல்டா டான்’ பாடலை 1972இல் புகழடையச் செய்தவர் டான்யா டக்கர். அவருக்கும் அப்போது 13 வயதுதான்.

லூசியானாவின் ஜேம்ஸ் பர்ட்டன், டேல் ஹாக்கின்ஸின் ‘சூஸி கியூ’ பாடலுக்கு 1957இல் கிட்டார் வாசித்தபோது அவருக்கு வயது 17. பிற்காலத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் குழுவில் முதன்மைக் கிட்டார் கலைஞராக இருந்தவர் இவரே. கலிஃபோர்னியாவின் பகோய்மாவில் வளர்ந்த மெக்ஸிக வம்சாவளிச் சிறுவன் ரிச்சி வாலன்ஸ், வெராக்ரூஸ் நாட்டுப்பாடலான ‘லா பாம்பா’வை 1958இல் மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தார். ஓராண்டுக்கும் குறைவான காலமே அவர் புகழில் இருந்தார். 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் நடந்த விமான விபத்தில் ராக் பாடகர் பட்டி ஹாலியுடன் இறந்தபோது வயது 17.

பிரிட்டனில் வாசலைத் திறந்துவிட்டது ஸ்கிஃபிள் இசை. லானி டோனகனின் ‘ராக் ஐலண்ட் லைன்’ 1956இல் வெற்றிபெற்றபின், மலிவான கிட்டார் ஒன்றும் துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியில் செய்த பாஸும் இருந்தால் குழு அமைத்துவிடலாம் என்ற நிலை வந்தது. எப்சம் நகரத்து வீட்டில் யாரோ விட்டுச்சென்ற கிட்டாரில் கற்றுக்கொண்ட ஜிம்மி பேஜ், 1957இல் 13 வயதில் பிபிசியின் ‘ஆல் யுவர் ஓன்’ நிகழ்ச்சியில் வாசித்தார். பெரியவனானதும் உயிரியல் ஆராய்ச்சி செய்ய விருப்பம் என்று அந்தச் சிறுவன் அங்கே சொன்னான். பின்னாளில் லெட் செப்பலின் குழுவை நிறுவினான். ஜார்ஜ் ஹாரிசன் பதினைந்தை ஒட்டிய வயதில் ஜான் லெனனின் குழுவில் சேர்ந்தார். 1960 நவம்பரில் ஹாம்பர்க் இரவு விடுதியில் வாசிக்க வயது போதாதென்று ஜெர்மன் அதிகாரிகள் 17 வயது ஹாரிசனை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

மூத்தோர் குழுக்களில் இளையோர்

1960களின் பிற்பகுதியில் பதின்ம வயதினரைத் தேர்ந்த குழுக்களே அழைத்துக்கொண்டன. பெல்ஃபாஸ்ட்டின் கேரி மூர் 1968இல் 16 வயதில் டப்ளின் சென்று ‘ஸ்கிட் ரோ’வில் சேர்ந்தார். கலிஃபோர்னியாவின் நீல் ஷானை எரிக் கிளாப்டனும் அழைத்தார், கார்லோஸ் சந்தானாவும் அழைத்தார். அவர் சந்தானாவைத் தேர்ந்து 1971இல் 17 வயதில் ‘சந்தானா 3’ ஆல்பத்தில் வாசித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் பங்கேற்ற ‘ஜர்னி’ குழு உருவானது. சிறுவன் என்ற தோற்றத்துக்கே சந்தை இருந்ததற்கு ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி சான்று. அங்கஸ் யங்குக்குப் பள்ளிச் சீருடை அணியும் யோசனையைச் சொன்னவர் அக்காள் மார்கரெட். குழு தொடங்கும்போது அங்கஸுக்கு வயது 18. விளம்பரங்களோ வயதைக் குறைத்துச் சொல்லின.

பெண்களுக்கு இந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் அமைந்த ‘த ரனவேஸ்’ குழுவில் ஜோன் ஜெட்டும் லிடா ஃபோர்டும் பதினாறு வயதை ஒட்டிச் சேர்ந்தவர்கள். 1976இல் முதல் ஆல்பம். மறு ஆண்டு ஜப்பான் பயணத்தில் பெருங்கூட்டம். குழுவைப் பெரியவர்கள் நடத்திய விதம் குறித்து அதன் உறுப்பினர் ஒருவர் 2015இல் வெளியிட்ட குற்றச்சாட்டுகள், பதின்மப் பெண்களை இசைத்தொழில் எவ்வளவு பாதுகாப்பின்றி விட்டிருந்தது என்பதைக் காட்டின. ஃபோர்டும் ஜெட்டும் தனிக் கலைஞர்களாகத் தம் உழைப்பால் நிலைத்தார்கள்.

வேகத்தின் காலம்

1978இல் வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ வெளிவந்தபின் இளையோரின் பயிற்சியே மாறியது. இரு கைகளாலும் ஃபிரெட் பலகையைத் தட்டி வாசிப்பது, எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் கடப்பது என்று உடற்பயிற்சிபோல மணிக்கணக்கில் பழகினார்கள். மைக் வார்னி 1980இல் தொடங்கிய ஷ்ராப்னெல் ரெக்கார்ட்ஸ் இத்தகையோரைத் தேடிப் பதிவு செய்தது. அவர்களில் தனித்து நிற்பவர் ஜேசன் பெக்கர்.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் 1969இல் பிறந்த பெக்கர், பள்ளித் திறன் நிகழ்ச்சியில் இங்வே மால்ம்ஸ்டீனின் ‘பிளாக் ஸ்டார்’ வாசித்த பதிவு இன்றும் கிட்டார் மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மார்டி ஃப்ரீட்மனுடன் சேர்ந்து ‘ககோஃபனி’ என்ற குழுவாக 1987இல் ‘ஸ்பீட் மெட்டல் சிம்ஃபனி’, 1988இல் தனியாக ‘பெர்பெச்சுவல் பர்ன்’ ஆல்பங்களை வெளியிட்டார். வேகமான வாசிப்பு அந்நாளில் பலருக்கும் வந்துவிட்டது. செவ்வியல் இசையின் எதிர்ச்சுர அமைப்பை அறிந்து, இரண்டு கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசும்படி எழுதியது அந்த வயதில் அவர் ஒருவரே என்பேன். பாடகர் டேவிட் லீ ராத்தின் குழுவில் சேர்ந்த நேரத்தில், 20 வயதில், தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளே வாழ்வார் என்றார்கள் மருத்துவர்கள். கை போயிற்று, பின்பு பேச்சும் போயிற்று. அவருடைய தந்தை எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணசைவால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும் முறை ஒன்றை வகுத்தார். அந்தக் கண்களைக் கொண்டே பெக்கர் இசை எழுதினார். 2018இல் வெளிவந்த ‘ட்ரையம்ஃபன்ட் ஹார்ட்ஸ்’ ஆல்பம் அப்படி உருவானது.

புளூஸ் மரபும் 1990களும்

வேகத்தின் மோகம் தணிந்த காலத்தில் புளூஸ் பக்கமிருந்து வேறொரு கூட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜோ பொனமாஸா 12 வயதில் பி.பி. கிங்கின் கச்சேரிகளுக்கு முன்னோடியாக வாசித்தார். மெம்ஃபிஸின் எரிக் கேல்ஸ் 1991இல் 16 வயதில் முதல் ஆல்பம் தந்தார். வட டகோட்டாவின் ஜானி லாங்கின் ‘லை டு மீ’ 1997 ஜனவரியில், அவர் 16 வயதைத் தொடும் நேரத்தில் வெளியானது.

இவர்களுள் டெரெக் ட்ரக்ஸின் கதை ஆழமானது. ஒன்பது வயதில் பழைய சாமான் விற்பனையில் ஐந்து டாலருக்கு வாங்கிய கிட்டாரில் தொடங்கினார். விரல்கள் சிறியவை என்பதால் ஸ்லைடு முறையைப் பிடித்துக்கொண்டார்: மோதிர விரலில் கண்ணாடிக் குழலை மாட்டித் தந்திமேல் வழுக்கினால், ஃபிரெட்டை அழுத்தும் சிரமமின்றி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழையலாம். குறைக்கு மாற்றாக எடுத்த வழியே அவருடைய குரலாயிற்று. பதினோரு வயதில் சம்பளத்துக்கு வாசித்தார். தந்தையின் சகோதரர் புட்ச் ட்ரக்ஸ் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டிரம் கலைஞர். 1999இல் அந்தக் குழுவில் டெரெக் முறைப்படி சேர்ந்தார். அலி அக்பர் கானின் சரோத் வாசிப்பில் ஈடுபாடு கொண்டு, கலிஃபோர்னியாவில் அவர் நடத்திய கல்லூரியிலும் பயின்றார். நம் காதுக்கு அவருடைய இழைவுகள் கமகம்போல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்து ‘சில்வர்சேர்’, 1994இல் ஓர் இசைப் போட்டியில் ‘டுமாரோ’ பாடலுக்குப் பரிசு பெற்றது; மூவரும் 15 வயதில் பதிவு செய்த ‘ஃப்ராக்ஸ்டாம்ப்’ 1995இல் அந்நாட்டில் முதலிடம் பிடித்தது. கிட்டார் வாசித்துப் பாடிய டேனியல் ஜான்ஸ், உண்ணும் பழக்கம் சிதைந்த நோயால் பதின்ம வயதில் துன்பப்பட்டதைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

பள்ளிகள், இணையம், ஒப்பந்தங்கள்

பிலடெல்ஃபியாவில் 1998இல் பால் கிரீன் தொடங்கிய ராக் பள்ளியும், 2003இல் வந்த ‘ஸ்கூல் ஆஃப் ராக்’ திரைப்படமும் ராக் இசையைப் பள்ளிக்குப் பிந்தைய வகுப்பாக மாற்றின. 2005இல் யூட்யூப் வந்தபின் படுக்கையறையே மேடையாயிற்று. ஜப்பானின் லி-சா-எக்ஸ் போன்ற சிறுமிகள் கடினமான மெட்டல் படைப்புகளை வாசிப்பதை உலகமே பார்த்தது. ஒரு நிமிடக் காணொளியில் தெரிவது விரல் மட்டுமே. பிறரோடு சேர்ந்து வாசிக்கத் தெரியுமா என்பது அதில் தெரியாது.

புரூக்ளினின் ‘அன்லாக்கிங் த ட்ரூத்’ நல்ல எடுத்துக்காட்டு. டைம்ஸ் சதுக்கத்தில் மெட்டல் வாசித்த மூன்று கறுப்பினச் சிறுவர்கள் 2013இல் இணையத்தில் பரவினார்கள். மறு ஆண்டே சோனியுடன் ஐந்து ஆல்பங்களுக்கு ஒப்பந்தம். பல லட்சம் டாலர் மதிப்பென்று செய்திகள் வந்தன. ஓர் ஆல்பமும் வெளிவராமலே அவர்கள் அதிலிருந்து விலகி, 2016இல் ‘கேயாஸ்’ ஆல்பத்தை வேறு வழியில் வெளியிட்டார்கள். பணத்தைப் பொறுத்தவரை கலிஃபோர்னியாவில் 1939இல் இயற்றப்பட்ட கூகன் சட்டம் முன்மாதிரி. குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் 15 சதவீதத்தை அறக்கணக்கில் ஒதுக்கவேண்டும் என்கிறது அதன் இன்றைய வடிவம். கச்சேரிச் சிறுவர்களுக்கு இத்தகைய காப்பு எல்லா நாடுகளிலும் வேண்டும்.

மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் டெல்டா புளூஸ் அருங்காட்சியகம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது. அங்கே பயின்ற கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்ரம் 2014இல் 15 வயதில் வெள்ளை மாளிகையில் வாசித்தார்; 2022இல் கிராமி விருது பெற்றார். நியூசிலாந்தின் ‘ஏலியன் வெப்பன்ரி’யைத் தொடங்கிய டி யோங் சகோதரர்களுக்கு அப்போது எட்டும் பத்தும்தான் வயது, 2018இல் ‘டூ’ என்ற முதல் ஆல்பத்தில் மாவோரி மொழியில் மெட்டல் பாடினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் ஒன்றில் ‘லிண்டா லிண்டாஸ்’ சிறுமிகள் 2021இல் வாசித்த பாடல் உலகெங்கும் பரவியது. மேற்கு ஜாவாவின் கரூட் பகுதியில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் 2014இல் மூன்று மாணவிகள் தொடங்கிய ‘வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட்’ குழு, 2024இல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழுவாயிற்று.